சட்டைப்பைக்கு வந்த துப்பாக்கி

மறைத்து வைக்கும் பிஸ்டலுக்கு நீளம் பெரிய பகையல்ல, தடிமன்தான் பகை. இடுப்பில் செருகிச் சட்டையை மேலே விட்டால், குழல் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் துணிக்குள் இறங்கிவிடும். ரிவால்வரின் உருளைதான் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்று காட்டிக்கொடுக்கும். இந்திய ராணுவத்தின் இ.எம்.இ. பிரிவில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்தவன் நான். என் மேசைக்கு அதிகம் வந்தது இஷாப்பூர் ஆலையில் செய்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டல். மேகசினில் 13 ரவை போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ எடை வரும். அதை யாரும் மறைத்து வைப்பதில்லை. பெல்ட்டில் உறை மாட்டி, எல்லோர் கண்ணிலும் படும்படி அணிவார்கள். ஆனால் அதன் வடிவமைப்பைத் தொடங்கிவைத்த ஜான் மோசஸ் பிரவுனிங்தான் சட்டைப்பைக்குள் அடங்கும் பிஸ்டலையும் உலகத்துக்குக் கொடுத்தவர். அந்தச் சின்னப் பிஸ்டலின் கதை மணியாச்சி ரயில் நிலையம் வரைக்கும் வருகிறது.

துப்பாக்கி பிறந்து நெடுங்காலம் அதை மறைக்க வழியே இல்லை. பழைய துப்பாக்கிகளுக்குத் திரி எரிந்துகொண்டே இருக்க வேண்டும். எரியும் திரியை அங்கிக்குள் யார் வைப்பார்கள்? புகையும் நாற்றமும் பத்தடி முன்னாலேயே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். 1500-களின் தொடக்கத்தில் சக்கரப் பூட்டு வந்தது. சாவியால் முறுக்கி வைத்த எஃகுச் சக்கரம், விசையை இழுத்ததும் சுழன்று பைரைட் கல்லில் உரசிப் பொறி பறக்கவிடும். மருந்து கெட்டித்து, முறுக்கி, அங்கிக்குள் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நடமாடலாம். அரசர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. ஜெர்மானியப் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் 1517 வாக்கிலேயே சக்கரப் பூட்டைத் தடைசெய்ய முயன்றார். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் சட்டம், ஒரு கெஜத்துக்குக் குட்டையான கைத்துப்பாக்கி கூடாது என்றது. துப்பாக்கியின் நீளத்துக்குக் கீழ் எல்லை வைத்த சட்டம் அது. குட்டை என்றாலே மறைப்பதற்கு, மறைப்பது என்றாலே கொல்வதற்கு என்று அரசு கணக்குப் போட்டது.

அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. 1584 ஜூலை 10 அன்று டெல்ஃப்ட் நகரத்தில், தன் வீட்டில் உணவு முடித்து எழுந்து வந்த ஆரஞ்சு இளவரசர் வில்லியத்தை பால்தசார் ஜெரார் சுட்டுக் கொன்றான். தான் ஏழை என்று சொல்லி இளவரசர் தரப்பிலிருந்து பெற்ற பணத்திலேயே அந்தப் பிஸ்டல்களை வாங்கினான் என்பது வரலாறு. குண்டு பட்ட சுவரை இன்றும் அங்கே காட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், மீதியெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். மறைத்து வைத்த சின்னத் துப்பாக்கி, எப்போது சுடப்போகிறோம் என்று தெரிந்தவனுக்குத்தான் முதலில் உதவியது. தாக்குகிறவன் நேரத்தையும் தூரத்தையும் தானே தேர்ந்துகொள்கிறான். தற்காத்துக்கொள்கிறவனுக்கு இரண்டும் தெரியாது. அவன் திடுக்கிட்டு, நடுங்கும் கையால், துணியை விலக்கி, இரண்டு விரல்தான் பிடிக்கிற ஒரு கைப்பிடியைத் தேட வேண்டும். சின்னத் துப்பாக்கியின் வரலாறு முழுக்க இந்த ஏற்றத்தாழ்வு ஓடுகிறது.

பிலடெல்ஃபியாவின் ஹென்றி டெரிஞ்சர் 19-ஆம் நூற்றாண்டில் செய்த கைக்கடக்கப் பிஸ்டல் அமெரிக்காவெங்கும் பரவியது. ஒரே குண்டு. அதுவும் சில சமயம் வெடிக்காது. அதனால் ஜோடியாகவே விற்றார்கள். அவர் பெயரை எழுத்து மாற்றிப் பொறித்துப் போலிகள் குவிந்தன, அவர் நீதிமன்றம் வரை போனார். 1865 ஏப்ரல் 14 இரவு ஃபோர்டு நாடகக் கொட்டகையில் ஆபிரகாம் லிங்கனின் தலைக்குப் பின்னால் நின்று ஜான் வில்க்ஸ் பூத் சுட்டது ஒரு டெரிஞ்சரால். நீளம் 15 சென்டிமீட்டர் அளவு, எடை கால் கிலோகூட இல்லை. சுட்டதும் அதைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தான், ஏனென்றால் இரண்டாவது குண்டு அதில் இல்லை. தற்காப்புக்கு இப்படியொரு கருவியை நம்பி எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பாரிஸில் 1890-களில் ஒரு வினோதப் பிறவி வந்தது. சைக்கிள் புதிதாகப் பரவிய காலம், ஓட்டுகிறவர்களை நாய்கள் துரத்தின. கலான் என்ற துப்பாக்கிக்காரர் அதற்கென்றே வெலோடாக் என்ற சின்ன ரிவால்வரைச் செய்தார். சுத்தி உள்ளே மறைந்திருக்கும், விசை மடங்கிக்கொள்ளும், பையில் எங்கும் மாட்டாது. நாயைக் கொல்ல மனமில்லாதவர்களுக்கு மிளகாய்த்தூளோ மெழுகோ அடைத்த தோட்டாவும் விற்றார்கள். பையிலிருந்து எடுக்கும்போது துணியில் சிக்கக்கூடாது என்ற பாடத்தைத் தெளிவாகச் சொன்ன துப்பாக்கி என்பதால் அதை மதிக்கிறேன். இன்றுவரை அந்தப் பாடம் மாறவில்லை.

இனி பெல்ஜியம். லியேஜ் நகரமும் அதையடுத்த ஹெர்ஸ்டாலும் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்தவை. குழல் ஒரு வீட்டில், பூட்டு ஒரு வீட்டில், கட்டை ஒரு வீட்டில் என்று குடும்பங்கள் பிரித்துச் செய்தன. பெல்ஜிய அரசுக்கு 1,50,000 மவுசர் ரைஃபிள் தேவைப்பட்டபோது அந்த வீட்டுத் தொழில் போதவில்லை. லியேஜ் முதலாளிகள் சேர்ந்து 1889-இல் எஃப்.என். ஆலையை எழுப்பினார்கள். அந்த ஆர்டர் முடிந்ததும் ஆலைக்கு வேலை இல்லை. மவுசர் உரிமத்தில் ஜெர்மானியர்களோடு வழக்கு வேறு. சைக்கிள் செய்து பார்த்தார்கள். சைக்கிள் தயாரிப்பைப் பார்க்க 1897-இல் அமெரிக்கா போன எஃப்.என். அதிகாரி ஹார்ட் பெர்க், ஊர் திரும்பியபோது ஒரு பிஸ்டல் மாதிரியோடு வந்தார். மாதிரியைச் செய்தவர் யூட்டா மாகாணத்தின் ஆக்டன் ஊர்க்காரர், துப்பாக்கி செய்பவரின் மகன், ஜான் பிரவுனிங். அமெரிக்கச் சந்தை கோல்ட் கம்பெனிக்கு, ஐரோப்பா எஃப்.என்.-க்கு என்று பங்கு பிரிந்தது.

1900-ஆம் ஆண்டு மாடல் வந்தது. எடை 625 கிராம், மேகசினில் 7 ரவை, 7.65 மி.மீ. தோட்டா. அமெரிக்கர் அதையே .32 என்பார்கள். ஆர்மரர் கண்ணால் பார்த்தால் அதன் எளிமை மனதை அள்ளும். பெரிய பிஸ்டல்களில் தோட்டா வெடிக்கும் கணத்தில் குழலும், முன்னும் பின்னும் நகரும் மேல்பாகமான ஸ்லைடும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் குறையுமுன் பின்பக்கம் திறந்துவிடும். 7.65 தோட்டா மென்மையானது. பூட்டே வேண்டாம், ஸ்லைடின் எடையும் ஒரு ஸ்பிரிங்கின் விறைப்பும் போதும் என்று பிரவுனிங் முடிவு செய்தார். அந்த ஒரே ஸ்பிரிங்கைக் குழலுக்கு மேலே வைத்து, ஸ்லைடைத் திருப்பித் தள்ளவும் ஊசியை முன்னே அடிக்கவும் இரண்டு வேலைக்குப் பயன்படுத்தினார். உறுப்புகள் குறைந்தன, தடிமன் குறைந்தது, விலை குறைந்தது. உருளை இல்லாத தட்டையான பொருள் கோட்டுப் பைக்குள் போய்விட்டது. ஏறத்தாழ 7 லட்சம் பிஸ்டல்கள் விற்றன. பிரெஞ்சு பேசுகிறவர்கள் கைத்துப்பாக்கி எதைப் பார்த்தாலும் பிரவுனிங் என்றே சொல்லத் தொடங்கினார்கள்.

1906-இல் இன்னும் சின்னது வந்தது. நீளம் 11 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், எடை 370 கிராமுக்கு உள்ளே, தோட்டா 6.35 மி.மீ. வெஸ்ட்கோட்டின் பையில் கடிகாரம் போல் கிடக்கும். ஆனால் அந்தத் தோட்டாவின் விசை 7.65-இன் பாதிகூட இல்லை, 7.65-க்கோ 9 மி.மீ. தோட்டாவின் பாதி வலுவும் கிடையாது. சின்னதாக்கும் ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒன்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். குழல் குட்டையானால் வேகம் குறையும். கைப்பிடி குட்டையானால் பிடி தளரும். எடை குறைந்தால் உதை கூடும். குறிபார்க்கும் முனை கோட்டில் சிக்காதபடி தேய்த்துவிட்டால் குறியே பார்க்க முடியாது.

பக்கத்தில் நின்று சுடுகிறவனுக்கு இவையெல்லாம் குறையே அல்ல. 1904 ஜூனில் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பொப்ரிகோவை யூஜின் ஷாவ்மன் சுட்டது 1900 மாடலால். 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இடோ ஹிரோபூமியைக் கொரியர் அன் ஜுங் குன் சுட்டதும் அதே மாடலால். 1914 ஜூன் 28 அன்று சராயெவோவில் காவ்ரிலோ பிரின்சிப் கையில் இருந்தது 1910 மாடல், 9 மி.மீ. குட்டைத் தோட்டா. ஹெர்ஸ்டால் தொழிலாளிகள் தாங்கள் எந்த வரலாற்றுக்குள் கை வைக்கிறோம் என்று அறியாமல் அந்தப் பிஸ்டல்களைப் பூட்டிப் பெட்டியில் அடுக்கியிருப்பார்கள்.

பிரவுனிங் பிஸ்டல் இந்தியாவுக்கும் வந்தது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைக்க முடியாது. ஐரோப்பியருக்கு அந்தத் தளை இல்லை. சட்டத்தைத் தாண்ட வேண்டுமானால் பொருள் சின்னதாக இருக்க வேண்டும். லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரவுனிங் பிஸ்டல்களைப் பெட்டியின் கள்ள அடித்தட்டில் ஒளித்து, இந்தியா ஹவுஸில் சமையல் வேலை பார்த்த சதுர்புஜ் அமீனிடம் கொடுத்தனுப்பினார். 1909 டிசம்பர் 21 அன்று நாசிக் நாடக அரங்கில் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹேரே சுட்டது அவற்றில் ஒன்றால். இருபது ரைஃபிளைப் பெட்டிக்குள் ஒளிக்க முடியுமா?

பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. 1910-இல் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த வ.வே.சு. அய்யரிடம்தான் செங்கோட்டை வாஞ்சிநாதன் சுடப் பழகினார் என்பார்கள். திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்த இளைஞர். 1911 ஜூன் 17, சனிக்கிழமை காலை. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் ஆஷ் மனைவியோடு கொடைக்கானல் போகும் வழியில் மணியாச்சி சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். போட் மெயிலுக்காகக் காத்திருந்த நேரம். வாஞ்சி பெட்டிக்குள் ஏறினார், பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கிப் பிஸ்டலை எடுத்தார், மிக அருகில் நின்று சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தன்னையே சுட்டுக்கொண்டார். சட்டைப்பையில் கடிதம் இருந்தது. லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்ட ஐந்து நாள்தான் பாக்கி.

வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதில் ஆஷின் பங்கு, வாஞ்சியின் கடிதத்தில் உள்ள சொற்கள், அந்தக் கொலையின் நியாய அநியாயம் என்று நம் ஊரில் விவாதம் ஓயவில்லை. அதை வரலாற்றாசிரியர்களிடம் விடுகிறேன். தொழில்காரனாக எனக்குத் தெரிவது ஒன்று உண்டு. ஒரு மாவட்டத்தையே ஆண்ட மனிதரின் பெட்டிக்குள், காவலர்கள் உள்ள ஒரு ரயில் சந்திப்பில், ஓர் இளைஞர் சந்தேகம் வராமல் ஏற முடிந்ததற்கு அந்தப் பிஸ்டலின் தட்டையான உடலும் காரணம். நீளமான வெப்லி ரிவால்வரோடு அதே மனிதர் பிளாட்பாரத்தில் நடந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும்.

அதே 1911-இல், கடலுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில், டேவிட் கிரகாம் பிலிப்ஸ் என்ற நாவலாசிரியரை ஒருவன் தெருவில் சுட்டுக் கொன்றான். அதையொட்டி எழுந்த குரலில் சல்லிவன் சட்டம் பிறந்தது. மறைக்கத்தக்க அளவிலான கைத்துப்பாக்கிக்கு உரிமம், உரிமமின்றி மறைத்து எடுத்துச் சென்றால் பெருங்குற்றம். இதற்கு நூறு ஆண்டு முன்பே, 1813-இல், கென்டக்கியும் லூசியானாவும் மறைத்து வைப்பதைத் தடைசெய்திருந்தன. அந்தக் காலத்து அமெரிக்கனுக்கு இடுப்பில் வெளிப்படையாகத் தொங்கவிடுவது ஆண்மை, கோட்டுக்குள் மறைப்பது கோழைத்தனம். லூசியானா உச்ச நீதிமன்றம் 1850-இல் ஏறக்குறைய அப்படியே தீர்ப்பு எழுதியது.

இன்று நிலைமை தலைகீழ். 1987-இல் ஃப்ளோரிடா, தகுதியுள்ள எவருக்கும் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது, மற்ற மாகாணங்கள் பின்தொடர்ந்தன. இப்போது 29 மாகாணங்களில் உரிமமே தேவையில்லை. சல்லிவன் சட்டத்தின் முக்கியப் பிரிவையும் 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. வெளியே தெரியும்படி வைத்தால் கடைக்காரர் பயப்படுகிறார், மறைத்து வைத்தால் நாகரிகம்.

சட்டம் மாறும்போதெல்லாம் பிஸ்டலின் உருவமும் மாறியது, இதுதான் என்னை இந்த வரலாற்றில் அதிகம் ஈர்க்கும் பகுதி. மப்டி போலீசுக்காகக் கோல்ட் 1927-இல் இரண்டு அங்குலக் குழலோடு டிடெக்டிவ் ஸ்பெஷல் ரிவால்வரைத் தந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950-இல் ஒரு குண்டைத் தியாகம் செய்து, ஐந்து அறை உருளையோடு இன்னும் ஒல்லியாக்கியது. ஜெர்மனியின் வால்தர் பி.பி.கே. 1931-இல் வந்தது, 1968-இல் அமெரிக்கா கொண்டுவந்த இறக்குமதி மதிப்பெண் முறையில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. கம்பெனி என்ன செய்தது? அதன் மேல்பாகத்தைப் பெரிய மாடலின் உடலில் பொருத்தி, உயரத்தைக் கூட்டி, புது எழுத்து ஒன்றைச் சேர்த்து அனுப்பியது. மறைக்க முடியாதபடி கொஞ்சம் பெரிதாக்கினால் தேறிவிடும் என்றால், எட்டாம் ஹென்றியின் கெஜக்கோல்தான் மறுபடி வந்திருக்கிறது. 1994-இல் அமெரிக்காவில் மேகசினுக்குப் பத்து ரவை உச்சவரம்பு வந்ததும், பத்துதான் என்றால் பெரிய பிஸ்டல் எதற்கு என்று மக்கள் சின்னதை வாங்கினார்கள். குளோக் 26 அந்த அலையில் ஓடியது. 2018-இல் சிக் பி365, அரைக் கிலோ எடையில் 9 மி.மீ. ரவை பத்தை மேகசினில் அடக்கிக் காட்டியது. 1900-இன் பிரவுனிங்கைவிடக் குட்டை, அதைவிட எடை குறைவு, தோட்டாவோ இரண்டு மடங்குக்கு மேல் வலு. இதைச் சாதித்த பொறியாளர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் உதையை எந்தப் பொறியாளராலும் ஒழிக்க முடியவில்லை. டெக்சாஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒருநாள் போனில் கேட்டான். "மாமா, இங்கே லைசென்ஸ்கூட வேண்டாமாம். பைக்குள்ள போடுற மாதிரி எது நல்லது? ரொம்ப லேசா ஒண்ணு சொல்லுங்க." நான் சொன்னேன்: "லேசா இருக்குறது பையில வச்சுக்க நல்லது தம்பி, சுடறதுக்கு இல்ல. கால் கிலோ பிஸ்டல்ல அம்பது ரவை சுட்டா உன் கை மறுநாள் பேனா பிடிக்காது. கை வலிச்சா பழக மாட்டே. பழகாம எதுக்கு வாங்குறே?" அங்கே சுடுகளங்களில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். வாங்குவதற்குமுன் இரண்டு மூன்று அளவுகளைச் சுட்டுப் பார், மூன்று விரலும் கைப்பிடியில் உட்காருகிறதா பார், வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டுப்பெட்டியை முதலில் வாங்கு என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முதலில் பயிற்சிக்குப் போகிறேன் என்றான்.

நம் நாட்டில் கதை வேறு. 9 மி.மீ. தோட்டா குடிமக்களுக்குத் தடை. ஆகவே பிரவுனிங் 1890-களில் வடித்த .32 தோட்டா, உலகம் கைவிட்ட பிறகும், இந்தியாவில் உயிரோடு இருக்கிறது. இஷாப்பூர் ஆலையின் அஷானி பிஸ்டல் அதைத்தான் சுடுகிறது. கான்பூர் ஆலை 2014-இல் பெண்களுக்கென்று நிர்பீக் என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. டைட்டானியக் கலவை, அரைக் கிலோ எடை, விலை 1,22,360 ரூபாய். டெல்லியில் ஓடும் பேருந்தில் ஓர் இளம்பெண்ணுக்கு நடந்த கொடுமையின் நினைவில் வைத்த பெயர். அந்தத் துயரத்துக்கு ஒரு லட்ச ரூபாய் ரிவால்வர் பதிலாகாது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பேருந்தில் போகும் எந்தப் பெண்ணால் அதை வாங்க முடியும்?

1980-களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால், தாத்தா காலத்துப் பிரவுனிங்கும் கோல்ட்டும் வெப்லியும் உரிமதாரர்களிடையே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. நூறு வயதைத் தொட்ட பிஸ்டலைப் பெருமையோடு இடுப்பில் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1906, 1910 பிரவுனிங் மாடல்களில் ஊசியை நேரடியாகத் தடுக்கும் பூட்டு கிடையாது. குழலில் ரவை ஏறியிருந்தால், உள்ளே முறுக்கி நிற்கும் ஊசியைப் பிடித்திருப்பது தேய்ந்த ஓர் எஃகு விளிம்பு மட்டுமே. கீழே விழுந்தால் சுட்டுவிடலாம். குழலைக் காலியாக வைத்திருங்கள். ஸ்பிரிங்கையும் அந்த விளிம்பையும் உரிமம் பெற்ற ஆர்மரரிடம் காட்டி மாற்றுங்கள். மாற்ற முடியாத நிலையில் இருந்தால் அதை இடுப்பில் செருகாதீர்கள், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள்.